ஏழாம் வகுப்பு 'பி' பிரிவில் தூங்கிய கோலி

முதல் நாள்: எழும்பூர்

ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பஸ் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து சீக்கிரமே கிளம்புவது என் வழக்கம். பஸ் உடனே வந்துவிடுவது பஸ்ஸின் வழக்கம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் வரைக்கும் நடந்தேன். கேட் பூட்டியிருந்தது. உள்ளே விளக்குக் கம்பங்கள் மட்டும் தெரிந்தன.

2023 ஆகஸ்டில் இங்கேதான் ஆசிய சாம்பியன்ஸ் ஹாக்கிக் கோப்பையின் இறுதிப் போட்டியைப் பார்த்தேன். மலேசியாவிடம் பாதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கியிருந்தோம். என் வரிசையில் இருந்த ஒரு குடும்பம் எழுந்து போயே விட்டது. அப்புறம் 4-3 என்று ஜெயித்தோம். அந்த அணியில் அரியலூர் கார்த்தி இருந்தார். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் ஆடி வளர்ந்தவர். ஆட்டம் முடிந்து வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது நானும் கையை ஆட்டினேன். ஐம்பது வயது தாண்டிய ஆள் கையை ஆட்டியது அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. எங்களுக்கு நடுவே கம்பி வேலி, போலீஸ், விளம்பரப் பலகைகள்.

சின்ன வயதில் ஹாக்கிக்காரர்களை நான் இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்ததே இல்லை. அவர்கள் எங்கள் பள்ளிக்கூடக் கிணற்றில் குளிப்பார்கள். எங்கள் டீக்கடையில் கடன் சொல்வார்கள். அந்த நினைப்பு வந்ததால்தான் இந்தப் பயணமே. கோவில்பட்டியில் கோடையில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கும். அதைப் பார்த்துவிட்டு, பெரியம்மா மகன் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று லீவு போட்டிருக்கிறேன். தினமும் ராத்திரி எழுதிப் போடுகிறேன்.

முத்துநகர் எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர், மேல் பெர்த். மீதி நாளைக்கு.

இரண்டாம் நாள்: கோவில்பட்டி

சாத்தூர் தாண்டியதும் விழிப்பு வந்துவிடும் எனக்கு. அலாரம் தேவையில்லை. ஜன்னலுக்கு வெளியே இருட்டிலும் கரிசல் தெரியும். மற்ற மண்ணைவிட அந்த இருட்டு ஒரு பங்கு கூடுதல்.

ஸ்டேஷனுக்கு அண்ணன் வந்திருந்தான். பையை வாங்கிக்கொண்டு, "என்னலே திடீர்னு?" என்றான்.

"ஹாக்கி பாக்கத்தாண்ணே. ஃபைனல் இந்த ஞாயித்துக்கிழமைதான?"

அண்ணன் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். ஃபைனல் போன ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டதாம். அவன் மகன் எனக்கு அனுப்பிய நோட்டீஸைக் கண்ணாடி போடாமல் வாசித்திருக்கிறேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை. வீட்டில் மதினி காப்பியைக் கையில் கொடுத்து, "கோப்பைய வேணா போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். இன்றைக்கு முழுக்க இந்த வீட்டில் இதுதான் பேச்சு.

சரி, வந்தது வந்தாயிற்று. சாயங்காலம் தனியாகப் பள்ளிக்கூடம் பக்கம் போனேன். புதுக் கட்டடங்கள் வந்துவிட்டன. ஓட்டுக் கட்டடத்தில் பாதி இன்னும் நிற்கிறது. வேப்ப மரமும் நிற்கிறது. வாட்ச்மேனிடம், "இங்கதான் அண்ணாச்சி படிச்சேன்" என்றேன். "எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்க" என்று உள்ளே விட்டார்.

எங்கள் ஊருக்கு ஹாக்கி எப்படி இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். ஊர் முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸ், மில். சாயங்காலம் சங்கு ஊதியதும் ஆம்பளைகள் கூட்டமாக வெளியே வருவார்கள். கிரவுண்டு பக்கத்திலேயே இருந்தது. தெருவுக்கு ஒரு டீம் இருந்தது. எங்களிடம் ஸ்டிக் கிடையாது. உடைமரத்தில் தானாக வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டி, மேல்தோலை உரித்து, ஒரு வாரம் நிழலில் காயவைப்போம். பந்து, துணியைச் சுற்றிச் சுற்றிச் சைக்கிள் டியூபால் கட்டியது. வீட்டில் அம்மாவும் அக்காவும் பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். நான் அடுக்கிக் கொடுக்க வேண்டும். நூறு பெட்டி அடுக்கினால்தான் கிரவுண்டுக்குப் போக உத்தரவு. இன்றைக்கும் பசை வாசம் வந்தால் எனக்குக் கால் பரபரக்கிறது.

1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்தோம். எனக்கு ஒன்பது வயது. கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன். "நம்ம ஆளு, தமிழன்" என்று டீக்கடையில் பேப்பரைச் சத்தமாக வாசித்தார்கள். அன்றைக்கு அந்தக் கடையில் எனக்கு ஒரு வடை இலவசம். ஒலிம்பிக்கில் அதற்கப்புறம் இந்திய ஹாக்கிக்கு இன்றுவரை தங்கம் கிடையாது. 2020 டோக்கியோவும் 2024 பாரிஸும் வெண்கலம்தான். அன்றைக்கு வடை தின்றுகொண்டிருந்தவனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

இரண்டு வருஷம் கழித்து, 1982 டிசம்பர் 1. டெல்லி ஆசிய விளையாட்டு. பாகிஸ்தானுடன் இறுதிப் போட்டி. அதே டீக்கடை, ரேடியோ. எனக்கு இந்தி தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. 'கோல்' என்ற சொல் மட்டும் தெரியும். அது வந்துகொண்டே இருந்தது. முதலில் எங்களுக்குத்தான் என்று நினைத்துக் கை தட்டினேன். ஒரு பெரியவர் தலையில் தட்டி உட்கார வைத்தார். 1-7. கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நெகி பெயரைச் சொல்லித் திட்டாத ஆள் இல்லை. காசு வாங்கிவிட்டான் என்றார்கள், விற்றுவிட்டான் என்றார்கள். வாங்கியதைக் கண்ணால் பார்த்ததுபோலச் சொன்னார்கள். அதே டெல்லியில் பெண்கள் ஹாக்கி அணி தங்கம் வாங்கியது. அதைப் பற்றி எங்கள் டீக்கடையில் ஒரு பேச்சு இல்லை.

அடுத்த மே மாதம் ஊரில் டோர்னமென்ட் வந்தது. வெளியூர் டீம்களுக்குப் பள்ளிக்கூட வகுப்புகளில்தான் ஜாகை. பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு மேலே ஜமுக்காளம் விரித்துவிடுவார்கள். லாட்ஜ் எடுக்கக் காசு ஏது? எங்களுக்குப் பரீட்சை முடிந்து லீவு. ஆனால் அந்தப் பத்து நாளும் வேறெந்த மாதத்தையும்விட ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனோம்.

காலையில் ஆறு மணிக்கெல்லாம் ஜன்னலில் தொற்றிக்கொள்வோம். ஜலந்தரிலிருந்து வந்த டீமில் நாலைந்து சர்தார்கள் இருந்தார்கள். ஒருவர் தலைப்பாகை கட்டுவதற்கு முன், அந்த நீளத் துணியின் மறுமுனையை என் கையில் கொடுத்து, பின்னால் போகச் சொல்லிச் சைகை காட்டினார். வராந்தா நுனி வரைக்கும் போனேன். இன்னும் போ என்றார். அவர் அங்கே மடிக்க, நான் இங்கே இழுத்துப் பிடிக்க, வேட்டி உலர்த்துகிற மாதிரி இருந்தது. முடித்ததும் என் மொட்டைத் தலையைத் தடவிவிட்டுச் சிரித்தார். குலதெய்வத்துக்கு அப்போதுதான் முடி இறக்கியிருந்தேன். அவருடைய ஆட்டம் எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. அந்தத் துணியின் கஞ்சி மொடமொடப்பு விரலில் இருக்கிறது.

எங்கள் 7 'பி' வகுப்பில் மெட்ராஸ் டீம் தங்கியிருந்தது. அதில் கோலி ஒருவர், அதாவது கோல்கீப்பர். பெரம்பூர்க்காரர், ஆங்கிலோ இந்தியர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். நான் உட்காரும் மூன்றாவது பெஞ்சில்தான் அவர் தலை. கால் நான்காவது பெஞ்சையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவர் காலில் கட்டும் பேட் இரண்டும் ஜன்னலில் காயும். கான்வாஸ் துணி, உள்ளே பஞ்சும் பிரம்பும், தோல் வார். அந்த வியர்வை வாசத்தை மோந்து பார்ப்பதற்கென்றே ஒரு வரிசை நிற்கும். பந்துக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கிற வேலையை அவர்தான் எனக்குக் கொடுத்தார். தோல் பந்து, சரள் கிரவுண்டில் ஒரு ஆட்டம் ஆடினால் மண் நிறமாகிவிடும். துடைத்து, பெயின்ட் பூசி, தையலில் பெயின்ட் தேங்காமல் தீக்குச்சியால் வழித்து, வேப்ப மரத்தடியில் வரிசையாக வைக்க வேண்டும். தீக்குச்சிக்கா எங்கள் வீட்டில் பஞ்சம்!

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவர்கள் 2-1 என்று தோற்றுவிட்டார்கள். ராத்திரி ரயில். சாயங்காலம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஐந்து மாதமாக மனசில் கிடந்த கேள்வி. கேட்டேவிட்டேன்.

"டெல்லியில ஏழு கோல் எப்படி சார் விட்டாங்க?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. யாரோ ஒருவர் என்னைப் போகச் சொன்னார். கோலி போகவிடவில்லை. கட்டி வைத்திருந்த பேட்களை அவிழ்த்தார். "வா மேன், போட்டுக்கோ" என்றார்.

பேட் என் இடுப்பு வரைக்கும் வந்தது. வாரைக் கடைசி ஓட்டையில் மாட்டியும் தொளதொள என்றிருந்தது. அகட்டி அகட்டி நடந்து கிரவுண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊரே பின்னால் வந்துவிட்டது. கோல்போஸ்டுக்கு நடுவே நிறுத்தினார். "பின்னால திரும்பிப் பார்" என்றார். பார்த்தேன். வெளியே நின்று பார்க்கும்போது அது நாலடிக் கதவு மாதிரி இருக்கும். 12 அடி அகலம், 7 அடி உயரம் என்பது உள்ளே நின்றால்தான் தெரிகிறது. எங்கள் வீடே அந்த அகலம்தான்.

அவர் கோலுக்கு முன்னால் இருக்கும் 'டி' என்ற அரைவட்டத்துக்குள் வந்து நின்று பந்தைத் தள்ளினார். அடிக்கவில்லை, தள்ளத்தான் செய்தார். முதல் பந்து எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. இரண்டாவது பந்துக்கு வலது காலைத் தூக்கினேன், அது இடது பக்கம் போயிருந்தது. மூன்றாவது, சரளில் ஒரு கல்லில் பட்டு எழும்பி, இடது காறை எலும்பில் வந்து விழுந்தது. 'ணங்' என்று மண்டைக்குள் சத்தம் கேட்டது. மல்லாக்க விழுந்தேன். பேட்டோடு எழுந்திருக்க முடியவில்லை, கவிழ்ந்த ஆமை மாதிரி கிடந்தேன்.

ஓடி வந்து தூக்கி உட்கார வைத்துத் தோளைத் தேய்த்துவிட்டார். "எத்தினி ஆச்சு?" என்றார்.

"ரெண்டு."

"ஏழுக்கு இன்னும் அஞ்சு இருக்கு. நில்லு."

"வேணாம் சார்." அழுதுவிட்டேன்.

"நீ வேணாம்னு சொல்லலாம் மேன். அந்த ஆளு சொல்ல முடியாது" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் கடைக்குக் கூட்டிப்போய் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். பன்னை டீயில் முக்கி அவர் வாயில் போட்ட வேகத்தை இன்றைக்கு வேப்ப மரத்தடியில் நின்று நினைத்துப் பார்த்தேன். வாட்ச்மேன் விசில் ஊதி வெளியே வரச் சொன்னார்.

மூன்றாம் நாள்: கிருஷ்ணா நகர்

ஐந்தரை மணிக்கே அண்ணன் மகன் எழுப்பிவிட்டான். "சித்தப்பா, ஃபைனல்தான் போச்சு, பிராக்டீஸாவது பாருங்க."

கிருஷ்ணா நகர் செயற்கை இழை மைதானத்துக்குப் போனோம். பையன்கள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பீய்ச்சி முடித்திருந்தார்கள், தரை மினுமினுவென்றிருந்தது. இந்தத் தரையில் பந்து வழுக்கி ஓட ஈரம் வேண்டும். குடிக்கிற தண்ணீருக்குச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணியைக் குழாயில் இழுத்து வந்த ஊர் இது. அம்மா ராத்திரி இரண்டு மணிக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வந்து படுத்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு, புல்லே இல்லாத தரைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்க்க ஒரு மாதிரிதான் இருந்தது. தப்பென்று சொல்லவில்லை. 1976 மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. மண்ணிலும் புல்லிலும் ஆடிப் பழகிய நாம் அந்த முறை ஏழாம் இடம். அதற்கு முன் ஒலிம்பிக் ஹாக்கியில் பதக்கம் இல்லாமல் திரும்பியதே இல்லை. கோவில்பட்டிப் பையனுக்கு இந்தத் தரை கிடைக்க அப்புறமும் ரொம்ப வருஷம் ஆனது.

கிடைத்ததும் என்ன ஆனது என்று பாருங்கள். 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் எங்கள் ஊர் மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் ஒன்றாக இந்திய அணிக்குள் போனார்கள். பாகிஸ்தானோடு முதல் ஆட்டம் 1-1. நமக்கு விழுந்த அந்த ஒரு கோல் கார்த்தியுடையது. நான் சென்னையில் ஆபீஸில் உட்கார்ந்து போனில் பார்த்துக் கத்திவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் கிரிக்கெட்டா என்று கேட்டார்.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். பயிற்சியாளர் ஷார்ட் கார்னர் எடுக்கவைத்தார், 'டி'க்குள் எதிரணி தப்பு செய்தால் கிடைக்கும் வாய்ப்பு அது. எங்கள் காலத்தில் ஒருவர் தள்ளுவார், ஒருவர் நிறுத்துவார், ஒருவர் அடிப்பார். பாதி நேரம் பந்து கல்லில் பட்டு நிறுத்துகிறவரைத் தாண்டிப் போய்விடும், எல்லோரும் சிரிப்போம். இப்போது பந்து கோடு போட்ட மாதிரி வருகிறது. அடிப்பதில்லை, ஸ்டிக்கின் வளைவில் பந்தை ஏந்தி, உடம்பு முழுவதையும் வில்லாக்கி இழுத்துச் சுழற்றி எறிகிறார்கள். டிராக் ஃபிளிக். எதிரே ஓடி வரும் பையன்கள் முகமூடி போட்டிருக்கிறார்கள். பார்த்தவுடன் எனக்குக் காறை எலும்பு வலித்தது. உண்மையாகவே வலித்தது.

கோலி சின்னப் பையன். பதினான்கு இருக்கும். பேட் எல்லாம் இப்போது நுரை, பளபளவென்று செங்கல் மாதிரி சதுரம். கனமே இல்லை என்றான் அண்ணன் மகன். பையன் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் இரண்டு போஸ்டையும் ஸ்டிக்கால் ஒருமுறை தட்டிக்கொள்கிறான். எட்டு பந்தில் ஐந்தைத் தடுத்தான். ஒன்பதாவது அவன் காலில் பட்டு எகிறி, வேலிக்கு மேலே பறந்து, எங்களுக்குப் பின்னால் சாக்கடை ஓரத்தில் விழுந்தது.

நான்தான் எடுத்தேன். இப்போது பந்து பிளாஸ்டிக், தையல் கிடையாது, மேலெல்லாம் சின்னச் சின்னக் குழி. சட்டையில் துடைத்தேன். பெயின்ட் அடிக்கத் தேவையே இல்லாத வெள்ளை. வேலிக்கு மேலே எறிந்தேன். தேங்க்ஸ் அங்கிள் என்றான் கோலி. நீ எந்தத் தெரு, யார் மகன் என்று கேட்க வாயெடுத்தேன். பயிற்சியாளர் விசில் ஊதிவிட்டார், அவன் திரும்பிக்கொண்டான்.

மத்தியானம் கழுகுமலை போய் வெட்டுவான் கோயிலைப் பார்த்தோம். அதைப் பற்றி எழுதுவதற்கு வேறு ஆள் இருக்கிறார்கள். வெயில் கடுமை.

ராத்திரி நெகியைப் பற்றி அண்ணன் மகனிடம் சொன்னேன். பிற்பாடு அவர் பெண்கள் அணிக்கு கோல்கீப்பிங் சொல்லிக்கொடுக்கப் போனார். 2002-ல் மான்செஸ்டரில் அந்த அணி காமன்வெல்த் தங்கம் வாங்கியது. இதைப் பெரம்பூர் கோலி கேள்விப்பட்டிருப்பாரா என்று யோசித்தேன். அவருடைய பெயரை ஞாபகத்துக்குக் கொண்டுவர ரெண்டு நாளாக முயற்சி செய்கிறேன். 'மேன்' என்பதுதான் வருகிறது.

நான்காம் நாள்: மறுபடியும் ஸ்டேஷன்

இந்த நாளைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதச் சொல்லி உத்தரவு.

நான் எழுதிய இரண்டாம் நாள் பகுதியை அண்ணன் மகன் காலையில் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறான். நான் குளித்துவிட்டு வந்தால் அண்ணன் திண்ணையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"ஏலே, அந்த பேட்ட போட்டது யாரு?"

"நாந்தான்."

"அன்னைக்கு நீ எங்கல இருந்த? உனக்குக் காய்ச்சல். வீட்ல படுத்துக் கெடந்த. கோலி கூட்டிட்டுப் போனது என்னைய. உனக்கு வந்து சொன்னது நானு. பன்னுல பாதி உனக்குக் கொண்டாந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. 7 'பி' கூட இல்லையாம், 8 'ஏ'வாம். அதாவது அவனுடைய வகுப்பு. தலைப்பாகைத் துணியைப் பிடித்தது நான்தான் என்பதை மட்டும் ஒத்துக்கொண்டான், மொட்டை போட்டிருந்தது நான் மட்டும்தான் என்பதால். பெரியம்மாவிடம் கேட்டோம். அவளுக்கு எண்பத்தாறு வயது. "ரெண்டு பேரும் பெட்டி அடுக்காம ஓடிப் போனீங்க, அதுதான் எனக்குத் தெரியும்" என்றாள்.

ரயிலுக்கு முன்னால் கடலை மிட்டாய் வாங்கப் போனோம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து பொட்டலமெல்லாம் ஜோராகிவிட்டது. கால் கிலோ போதும் என்றேன், அண்ணன் இரண்டு கிலோ வாங்கினான். கோபத்தில் இருந்தால் அவன் நிறைய வாங்குவான்.

வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்தேன். பின்னால் திரும்பிக் கோலைப் பார்த்தது, இடுப்பு வரைக்கும் வந்த பேட், பன், எல்லாம் எனக்குக் கண்ணில் நிற்கிறது. ஆனால் காய்ச்சல் என்று அவன் சொன்னதும் வேப்பிலை வாசமும் சேர்ந்து வருகிறது. அது எப்போது வந்த காய்ச்சல் என்று சொல்லத் தெரியவில்லை.

ரயில் வந்தது. பையை ஏற்றிவிட்டு அண்ணன் ஜன்னலோரம் வந்து நின்றான். நாலு நாள் சோறு போட்டவனிடம் எதற்கு வீம்பு என்று, "சரிண்ணே, நீதான் போட்டேன்னு எழுதிருதேன்" என்றேன்.

"ஒண்ணும் வேணாம்" என்றான்.

வண்டி நகர்ந்தது. அண்ணன் கூடவே நாலு எட்டு நடந்து வந்தான். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, இடது காறை எலும்பில் விரலை வைத்து, "இந்தா பாருலே, இந்தா" என்று காட்டினான். பிளாட்பார விளக்கு மங்கல். நானும் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

(அண்ணனுக்காக: சென்னை வந்ததும் கண்ணாடியில் என் தோளைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் வலிக்கிறது.)